வீட்டில் யார் யார்

பள்ளிக்கூடத்தில் எல்லா வாத்தியார்களும் சொல்லுகிற வாக்கியம் ஒன்று உண்டு. "நாளைக்கு உங்கப்பாவ இட்டுகினு வா." வீட்டுக்கணக்கு போடவில்லையா, பக்கத்துப் பிள்ளையைக் கடித்துவிட்டதா, நோட்டுக்கு அட்டை போடவில்லையா, எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். முப்பத்து நான்கு வருடம் நானும் அதைச் சொல்லிப் பிழைத்தவன். என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் எங்கள் பள்ளியில் ஐந்து வருடம் இருந்தார். அந்த ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூட அவர் வாயிலிருந்து இந்த வாக்கியம் வந்து நான் கேட்டதில்லை. "வூட்ல யாராச்சும் ஒருத்தர வரச் சொல்லு" என்பார். வருவது தாத்தாவாக இருக்கும், மாமாவாக இருக்கும், சில சமயம் பன்னிரண்டாவது படிக்கிற அக்காவாக இருக்கும். யார் வந்தாலும் தன் நாற்காலியைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, இவர் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்து பேசுவார்.

எங்கள் பள்ளி கல்வராயன் மலையில், வெள்ளிமலையையும் தாண்டி, பேருந்து திரும்புகிற இடத்தில் இருந்தது. ஒரே கூடம், இரண்டு வாத்தியார். நடுவே ஓர் இரும்பு பீரோவை நிறுத்தி இரண்டு வகுப்பாக்கியிருந்தோம். பீரோவுக்கு இந்தப் பக்கம் நான், நாலாவதும் ஐந்தாவதும். தலைமையாசிரியரும் நான்தான். அந்தப் பக்கம் அவர், ஒன்று முதல் மூன்று வரை. என் பிள்ளைகள் பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் அணில் பாட்டு ஓடும். அவர் பேசிய ஒரு சொல்கூட என் காதுக்குத் தப்பாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே எழுதுவதில் பாதிக்கு மேல் நான் கண்ணால் பார்த்தது அல்ல, பீரோவுக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டது.

வயதில் என்னைவிடப் பதினைந்து வருடம் சின்னவர். மணலூர்பேட்டைப் பக்கம் ஊர். கரும்பும் நெல்லும் பயிரிடுகிற கிறிஸ்தவக் குடும்பம். வார நாட்களில் கச்சிராயபாளையத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கி மலையேறி வருவார். கொண்டை ஊசி வளைவுகள் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்துகொண்டே, கண்ணை இறுக மூடிக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்து வருவார். ஐந்து வருடமும் அப்படித்தான் வந்தார். பழகவே இல்லை. கரும்பலகையில் எழுதினால் வரி மேலே ஏறிப் போய்க் கூரையைத் தொடும். பாடம் முடிப்பதில் எப்போதும் பின்தங்கி இருப்பார். அரையாண்டுக்குள் முடிக்க வேண்டியதைத் தை மாதத்தில் நடத்திக்கொண்டிருப்பார். காரணம் எனக்குத் தெரியும். எதையும் பிள்ளைகளிடம் கேட்காமல் மேலே போக மாட்டார். இருபத்தொரு பிள்ளைகள் என்றால் இருபத்தொரு பேரையும் கேட்க வேண்டும்.

ஒரு தடவை ஆய்வுக்கு அதிகாரி ஒருவர் வந்திருந்தார். மூன்றாம் வகுப்பில் கடிதம் எழுதும் பயிற்சி. 'அன்புள்ள அப்பாவுக்கு' என்று தொடங்குவது வழக்கம். அதிகாரி நோட்டுகளைப் புரட்டினார். ஒரு பிள்ளை கேரளத்தில் தோட்ட வேலைக்குப் போன அத்தைக்கு எழுதியிருந்தது. இன்னொன்று விடுதியில் படிக்கிற அக்காவுக்கு. ஒரு பெண் காலை எட்டு மணி வண்டியின் கண்டக்டருக்கு எழுதியிருந்தாள், எங்கள் ஊரில் இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள் என்று. அதிகாரிக்கு முகம் சுருங்கியது. அப்பாவுக்கு எழுதச் சொல்லித்தானே கொடுத்திருக்கிறது என்றார்.

"இதுல மூணு பேருக்கு அப்பா இல்லீங்க சார். நாலு பேருக்கு அப்பாவுக்குப் படிக்க வராது. படிக்கிற ஆளு இருந்தாத்தான எழுத ஆச வரும்" என்றார் டீச்சர்.

அதிகாரி எதையோ குறித்துக்கொண்டு போனார். எனக்குக் கோபம். ஆய்வுக்கு ஆள் வருகிற நாளிலாவது அப்பாவுக்கு எழுதவைக்கக் கூடாதா என்று கேட்டேன். "சரிங்க சார்" என்றார். அடுத்த வருடமும் கண்டக்டருக்குக் கடிதம் போயிற்று.

சரிங்க சார் என்று சொல்லிவிட்டுத் தான் செய்வதையே செய்கிற ஆள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. அப்படி ஏன் செய்கிறார் என்பதுதான் தெரியவில்லை. ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது கேட்டேன். "கேட்டாத் தெரியுது சார். எதுக்கு நாமளா நெனச்சுக்கணும்?" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. ஏதாவது கதை இருக்கும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன்.

தர்ஷினி இரண்டாம் வகுப்புக்கு வந்த வருடம் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அவள் அம்மா மல்லிகா எங்கள் மலைக்காரப் பெண். கட்டியவன் கேரளத்துக்கு வேலைக்குப் போய், அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டான். கைக்குழந்தையோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள் மல்லிகா. அங்கே பக்கத்து மிஷினில் தைத்தவள் செல்வி, சின்னசேலத்துக்காரி. மூன்று வருடம் கழித்து மல்லிகா மலைக்குத் திரும்பியபோது செல்வியும் கூட வந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து மரவள்ளி போட்டார்கள். வீட்டில் தையல் மிஷின் வைத்தார்கள். ஊரில் யார் வீட்டு ஜாக்கெட்டும் அங்கேதான் தைக்கும். செல்வியை 'மல்லிகாவோட கூட்டாளிப் பொண்ணு' என்பார்கள். அவர்கள் இருவரும் புருஷன் பெண்டாட்டிபோல ஒரு குடும்பமாக வாழ்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரியும். தெரியும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். காலையில் தர்ஷினிக்கு இரட்டை ஜடை பின்னிப் பள்ளியில் கொண்டுவந்து விடுவது செல்விதான். பிள்ளை மல்லிகாவை அம்மா என்றும் இவளைச் செல்விம்மா என்றும் கூப்பிடும்.

அன்று அந்தப் பக்கம் 'என் குடும்பம்' பாடம். புத்தகத்தில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று படம் இருக்கும். அதைப் பார்த்து ஒப்பிக்கவைத்தால் இருபது நிமிடத்தில் பாடம் முடிந்துவிடும். டீச்சர் புத்தகத்தை மூடிவைக்கச் சொன்னார்.

"உங்க வூட்ல யார் யார் ஒண்ணா ஒக்காந்து சாப்புடுவீங்களோ, அவங்கள மட்டும் வரைங்க" என்றார்.

வரைந்து முடித்ததும் ஒவ்வொருவராக எழுந்து படத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை தாத்தாவையும் மாமாவையும் வரைந்திருந்தது, அப்பா அம்மா திருப்பூரில் இருப்பதால். ஒன்று ஆட்டையும் சேர்த்து வரைந்திருந்தது. தர்ஷினி முறை வந்தது. "இது எங்கம்மா, இது செல்விம்மா, நடுவுல நானு. எங்க வூட்ல ரெண்டு அம்மா" என்றாள்.

கூடமே சிரித்தது. பக்கத்தில் இருந்த கோமதி, அவள் சாதாரணமாகவே வாயாடி, "ரெண்டு அம்மா யாருக்கும் இருக்க மாட்டாங்க டீச்சர். ஒண்ணு அம்மா, ஒண்ணு அப்பா" என்றாள்.

நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். இதை டீச்சர் எப்படித் தாண்டுவார் என்று கேட்க வேண்டியிருந்தது.

"கோமதி, நீ தர்ஷினி வூட்ல சாப்ட்டிருக்கியா?"

"ம். நெறைய நாளு."

"அப்ப அங்க யார் யார் இருந்தாங்க?"

"தர்ஷினி. அவங்கம்மா. செல்விம்மா."

"அவ்ளோதான. அவ சரியாத்தான் வரஞ்சிருக்கா."

சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் முன் வரிசையில் ஒரு பிள்ளை விடவில்லை. ஏன் டீச்சர் ரெண்டு அம்மா என்று கேட்டது. பேச்சை மாற்றிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் மாற்றவில்லை.

"சில வூட்ல அம்மாவும் அப்பாவும் ஒருத்தர் மேல ஒருத்தர் பிரியமா இருப்பாங்க. சில வூட்ல ஒரே ஒருத்தர்தான் புள்ளைய வளப்பாங்க. தர்ஷினி வூட்ல ரெண்டு அம்மாவும் ஒருத்தர் மேல ஒருத்தர் பிரியமா இருக்காங்க, அவமேலயும் பிரியமா இருக்காங்க. அதும் ஒரு குடும்பந்தான். அடுத்தது யாரு?"

குரலில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. மரவள்ளி எந்த மாதம் நடுவார்கள் என்று சொல்வதுபோலச் சொன்னார். அடுத்த பிள்ளை எழுந்து தன் தம்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. அந்தப் பக்கம் எல்லாம் முடிந்துவிட்டது. இந்தப் பக்கம் எனக்குத்தான் முடியவில்லை. ஊரே அறிந்து ஊரே வாய் பொத்தியிருந்த ஒன்றை இந்தப் பெண் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு அடுத்தது யார் என்கிறார்.

மறுநாளே கோமதியின் அப்பா முருகேசன் வந்தார். மளிகைக் கடை வைத்திருப்பவர், பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். கெட்ட மனிதர் இல்லை. கோபத்தைவிடக் குழப்பம்தான் அவர் முகத்தில் அதிகம் இருந்தது.

"புள்ள வந்து கேக்குது சார், எனக்கு மட்டும் ஏன் ஒரு அம்மான்னு. நான் இன்னா சொல்றது?"

சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்து அவர் சொன்னதில் அது போய்விட்டது. இன்னும் மூன்று நான்கு வீட்டில் பேசிக்கொள்கிறார்கள், இப்படி எல்லாம் சொல்லிக்கொடுப்பதானால் பிள்ளைகளைக் கீழே தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுவோம், அடுத்த குழுக் கூட்டத்தில் இதைக் கேட்கத்தான் போகிறோம் என்றார். நான்கைந்து பிள்ளைகள் போனால் எங்கள் பள்ளியில் ஒரு பணியிடம் போய்விடும். எனக்கு ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம் இருந்தது. அதுவரை எந்தத் தலைவலியும் வேண்டாம் என்று இருந்தவன் நான்.

டீச்சரிடம் பேசினேன். வகுப்பில் நடந்ததைத் திருப்பி எடுக்க முடியாது, இனிமேலாவது செல்வியைச் சித்தி என்று தர்ஷினியைச் சொல்லவையுங்கள், யாருக்கும் நஷ்டம் இல்லை என்றேன். உங்கள் வேதத்தில் இதை ஒத்துக்கொள்வார்களா என்றும் கேட்டேன். அது கேட்டிருக்கக் கூடாத கேள்வி. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். டிபன் பாக்ஸை மூடி வைத்தார்.

"எங்க பாதர இன்னும் கேக்கல சார். கேட்டா இன்னா சொல்வாரோ. நான் புள்ளையத்தான் கேட்டேன்" என்றார்.

சித்தி விஷயத்துக்கு இந்த முறை சரிங்க சார் என்றுகூடச் சொல்லவில்லை.

அவர் செய்ய மாட்டார் என்று தெரிந்ததும் நானே செய்தேன். வெள்ளிக்கிழமை மதியம், பிள்ளைகள் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள். தர்ஷினியைத் தனியாகக் கூப்பிட்டேன். செல்வியை இனிமேல் சித்தி என்று கூப்பிடு, யார் கேட்டாலும் சித்தி என்று சொல்லு, அப்படிச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்றேன். சட்டைப்பையில் இருந்த கடலை மிட்டாயைக் கொடுத்தேன். தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டாள். நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன்.

ஏழு வயதுப் பிள்ளைக்கு ஹெட்மாஸ்டர் சொன்னால் அது சட்டம். வீட்டுக்குப் போய்ச் செல்வியைச் சித்தி என்று கூப்பிட்டிருக்கிறாள். முதல் நாள் விளையாட்டு என்று சிரித்திருக்கிறார்கள். மறுநாளும் சித்தி. ஜாக்கெட் வாங்க வந்தவர்கள் எதிரிலும் சித்தி. மல்லிகா அதட்டிக் கேட்டதற்கு, பெரிய சார் சொன்னாரு, அப்படிக் கூப்பிடலன்னா எல்லாரும் சிரிப்பாங்க என்றிருக்கிறாள். மல்லிகா சண்டைக்குக் கிளம்பியிருக்கிறாள். செல்விதான் தடுத்திருக்கிறாள். பள்ளிக்கூடமே இப்படிச் சொல்கிறது என்றால் தன்னால் பிள்ளைக்கு அவமானம் என்று அவள் மனதில் பட்டுவிட்டது. ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் சின்னசேலத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொன்னாளாம். துணிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போனாளாம்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. முதலில் கண்டுபிடித்தது டீச்சர். ஒரு காலையில் தர்ஷினி கோணல் வகிடும் ஒற்றை ஜடையுமாக வந்து நின்றாள். பீரோவுக்கு அந்தப் பக்கம் டீச்சர் மெதுவாகக் கேட்பது கேட்டது.

"இன்னைக்கு யாரு தல வாரி வுட்டது?"

"நானே."

"செல்விம்மா?"

"சித்தி ஊருக்குப் போயிடுச்சு."

அதற்குப் பின் டீச்சர் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட ஆரம்பித்தார்.

மாலை மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகு என் மேஜைக்கு எதிரே வந்து நின்றார். எப்போதும் நாலரை வண்டிக்கு ஓடுகிறவர் அன்று பையை எடுக்கவில்லை.

"சார், நாளையிலருந்து உங்க வூட்டம்மாவ அக்கான்னு கூப்புடுங்கன்னு யாராச்சும் சொன்னா, கூப்புடுவீங்களா?"

எனக்கும் ரோஷம் வந்தது. ஊர் என்று ஒன்று இருக்கிறது, பள்ளிக்கூடம் என்று ஒன்று இருக்கிறது, நாளைக்கு ஒரு பணியிடம் போனால் மலையை விட்டுப் போவது நீங்கள்தான், அந்தப் பிள்ளைக்கு நல்லதுக்குத்தான் சொன்னேன் என்று அடுக்கினேன். முழுதும் கேட்டார்.

"பொய் சொல்லக் கூடாதுன்னு நாமதான சார் சொல்லித் தர்றோம். அது இதுவரைக்கும் பொய் சொல்லல. நாம சொல்லிக் குடுத்தோம். அதோட பொய்யில ஒருத்தங்க வூட்ட வுட்டே போயிட்டாங்க. புள்ள தன்னாலதான் செல்விம்மா போனாங்கன்னு நெனச்சிக்கினு இருக்கு."

நான் சாக்பீஸ் டப்பாவை மூடினேன்.

"நான் போயி எடுத்துச் சொல்ல முடியாது சார். சொன்னது நீங்க. நீங்களே திருப்பி வாங்கிக்குங்க."

நாலரை வண்டி போய்விட்டது. அடுத்த வண்டி ஆறு மணிக்கு. அதுவரை அவர் வாசலில் உட்கார்ந்து நோட்டு திருத்தினார், நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கினோம்.

மறுநாள் காலை வழிபாடு முடிந்ததும் தர்ஷினியை மேஜைக்கு அழைத்தேன். முப்பது வருடமாகப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். நான் கேட்டுப் பழக்கமில்லை. எழுந்து நிற்பதா உட்கார்ந்திருப்பதா என்றுகூடத் தெரியவில்லை. கடைசியில் அவள் உயரத்துக்கு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"பாப்பா, அன்னைக்கு சார் உங்கிட்ட ஒண்ணு சொன்னேன்ல. செல்விம்மாவ சித்தின்னு கூப்புடச் சொல்லி. அது தப்பு. சார்தான் தப்பா சொல்லிட்டேன். உம்மேல தப்பு இல்ல. நீ எப்பவும்போலக் கூப்புடு."

அவள் யோசித்தாள்.

"செல்விம்மா ஊர்ல இருக்கு சார். நான் இங்கருந்து கூப்புட்டாக் கேக்காது."

எங்கள் ஊரில் செல்போனுக்கு டவர் கிடைக்கிற இடம் தண்ணீர்த் தொட்டி மேடு ஒன்றுதான். பிள்ளைகளை டீச்சரிடம் விட்டுவிட்டு, தர்ஷினியைக் கையில் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினேன். மல்லிகாவிடம் எண் வாங்கியிருந்தார் டீச்சர். நான் ஹெட்மாஸ்டர் பேசுகிறேன் என்றதும், "புள்ளைக்கு இன்னா சார் ஆச்சு?" என்றுதான் செல்வி கேட்டாள். வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

பிள்ளை நன்றாக இருக்கிறது என்றேன். நான்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்தேன், பிள்ளையாகச் சொல்லவில்லை, தப்பு என்னுடையது, மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றேன். போனைத் தர்ஷினியிடம் கொடுத்தேன்.

"செல்விம்மா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு ஜட பின்ன வரல" என்றாள்.

நான் மரவள்ளிக் கொல்லையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். சனிக்கிழமை மத்தியான வண்டியில் செல்வி வந்து இறங்கியதாக நடத்துநர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். திங்கட்கிழமை தர்ஷினி இரட்டை ஜடையோடு வந்தாள்.

ஆனால் குழுக் கூட்டம் பாக்கி இருந்தது. அடுத்த வாரம் கூடினோம். இருபது பேர் இருக்கும், பாதிக்கு மேல் பெண்கள். மல்லிகாவும் செல்வியும் சேர்ந்தே வந்தார்கள். வருகைத் தாளில் பெற்றோர் பெயர், பிள்ளையின் பெயர், உறவு முறை, கையெழுத்து என்று நான்கு கட்டம். மல்லிகா போட்டுவிட்டுப் பேனாவைச் செல்வியிடம் கொடுத்தாள். செல்வி பெயர் எழுதினாள், தர்ஷினி பெயர் எழுதினாள், மூன்றாவது கட்டத்தில் நின்றுவிட்டாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முருகேசனும் என்னைப் பார்த்தார். டீச்சர் மட்டும் பார்க்கவில்லை. குனிந்து தீர்மான நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மான்னு போடுங்க" என்றேன்.

போட்டாள். தாள் இன்னும் அந்தக் கோப்பில் இருக்கும்.

முருகேசன் பேச எழுந்தார். வகுப்பில் இதெல்லாம் தேவையா என்று தொடங்கினார். டீச்சர் எழுந்து, பிள்ளை தன் வீட்டை வரைந்தது, இன்னொரு பிள்ளை ஏன் என்று கேட்டது, கேட்டதற்குப் பதில் சொன்னேன், கேட்டால் நாளைக்கும் அதையேதான் சொல்வேன் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் முணுமுணுப்பு ஓடியது. அப்போது பின்னால் இருந்து எழுந்தது முருகேசனின் மனைவி மலர்தான்.

"எனக்கு மஞ்சக்காமால வந்து ஆஸ்பத்திரில கெடந்தப்ப, எம்புள்ள எட்டு நாளு அந்த வூட்லதான் சாப்ட்டுது. நீ கூடத்தான் அங்கருந்து சோறு வாங்கிக்கினு வந்த. அப்ப யாரும் இன்னா உறவுன்னு கேக்கல."

முருகேசன் உட்கார்ந்தார். எனக்கு இது ஒண்ணும் புரியல சார், ஆனா வுடுங்க என்றார். அவருக்குப் புரியவில்லை என்பது உண்மைதான். கடைசிவரை புரியவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் கோமதியை எங்கள் பள்ளியிலேயே வைத்திருந்தார். வேறு இரண்டு பிள்ளைகள் ஜூன் மாதம் வேனில் ஏறிவிட்டன. பணியிடம் ஒன்றும் போகவில்லை. அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் இன்றுவரை செல்வியிடம் துணி தைக்கக் கொடுப்பதில்லை.

டீச்சர் அதற்குப் பின் இரண்டு வருடம் இருந்தார். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. பிறகு மாறுதல் கலந்தாய்வில் தன் ஊர்ப்பக்கமே இடம் கிடைத்துப் போனார். பிரிவு விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பென்சில் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்து வந்தவர் பீரோவைச் சுவரோரம் தள்ளித் தடுப்புச் சுவர் கட்டச் சொன்னார். கட்டினோம். பாடம் நேரத்துக்கு முடிந்தது. அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எனக்குக் கேட்பது நின்றது.

போன வருடம் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். முன் தலையில் நரை. கையில் விடைத்தாள் கட்டு. நான் ஓய்வு பெற்றதையும் என் மனைவிக்கு முழங்கால் வலி என்பதையும் விசாரித்தார். எத்தனையோ வருடமாகச் சொல்ல நினைத்திருந்த ஒன்று எனக்குள் இருந்தது. அன்றைக்கு நீங்கள் என் எதிரே வந்து நிற்கவில்லை என்றால் நான் எப்பேர்ப்பட்ட காரியத்தைச் செய்துவிட்டு, அது தெரியாமலே வீட்டுக்குப் போயிருப்பேன் என்று. ஆரம்பித்தேன்.

"டீச்சர், அந்தத் தர்ஷினி விஷயத்துல நான்..."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. மீதியைச் சொல்லவிடவில்லை.

"தர்ஷினியா சார்? ஐயோ, அது கழித்தல்ல பக்கத்து எண்கிட்ட கடன் வாங்கறத மறந்துக்கினே இருக்கும். எத்தன தடவ சொல்லி குடுத்தேன். மூணாவது முடிக்கறப்பக்கூட சரியா வரல. இப்ப போடுதா?"

இப்போது பத்தாவது படிக்கிறாள், கணக்குதான் நன்றாக வருகிறதாம் என்று செல்வி சொன்னதைச் சொன்னேன்.

"அப்டியா" என்றார். உண்மையாகவே பெரிய பாரம் இறங்கியதுபோல ஒரு பெருமூச்சு. "எனக்கு அது ஒண்ணுதான் சார் மனசுல கெடந்துது."

மணலூர்பேட்டை வண்டி வந்து நின்றது. விடைத்தாள் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கூட்டத்தோடு ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் முதல் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வண்டி நகர்ந்தபோது அவர் நிமிரவில்லை. யாரோ ஒரு பிள்ளையின் விடையைப் படித்துக்கொண்டிருந்தார்.